ஒயர் போட்டாச்சு, ரயிலும் வந்தாச்சு... ஓட்டக் காசு எங்கே? கலிஃபோர்னியாவின் கால்ட்ரெயின் சிக்கல்

சான் பிரான்சிஸ்கோவில் நான்காவது தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரயில் டெர்மினஸ் இருக்கிறது. 2024 வரை அங்கே நடைமேடைக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்றது டீசல் புகைதான். 1980களில் வாங்கிய இன்ஜின்கள், புறப்படும் முன்பே காது அடைக்கும் சத்தம். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி முதல் நிலைமை மாறியது. அங்கிருந்து சான் ஹோசே வரையிலான சுமார் 82 கிலோமீட்டர் பாதையில் கால்ட்ரெயின் முழுக்க முழுக்க மின்சார ரயில்களை ஓட்ட ஆரம்பித்தது.

பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ, சன்னிவேல் எல்லாமே இந்தப் பாதையில் வரும் ஊர்கள். ஐடி வேலைக்காக நம்மூரில் இருந்து போனவர்கள் தினமும் ஏறி இறங்கும் ஸ்டேஷன்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பு வரலாம். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் சென்னையில் பலர் புறநகர் ரயிலை ‘எலெக்ட்ரிக் ட்ரெயின்’ என்றுதான் சொல்கிறார்கள். உலகத்துக்கே தொழில்நுட்பம் விற்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கு அந்த இடத்துக்கு வர இன்னும் 93 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

சரி, புகை இல்லாத ரயில் வந்தாச்சு. நல்ல விஷயம்தானே, இதில் பேச என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. 244 கோடி டாலர் செலவழித்துக் கட்டிய இந்தப் பாதையில் ரயில்களை இதே அளவுக்குத் தொடர்ந்து ஓட்டப் பணம் இருக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

வேகம் எங்கிருந்து வந்தது?

மின்மயமாக்கல் என்றாலே சுற்றுச்சூழல் என்றுதான் பேச்சு போகும். அது உண்மைதான். ரயில் பெட்டிக்குள் பயணிகள் சுவாசிக்கும் கரித்துகள் அளவு 89% குறைந்ததாக பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். டீசல் ரயில் படிப்படியாக விலகி மின்சார ரயில் வந்த அந்தச் சில வாரங்களிலேயே இந்த மாற்றம் நடந்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் உட்காருபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பயணிகளை மறுபடியும் ரயிலுக்கு இழுத்தது காற்று மட்டும் இல்லை, டைம் டேபிளும்தான்.

பழைய ரயிலில் முன்னாலோ பின்னாலோ ஒரே ஒரு இன்ஜின். மொத்த ரயிலையும் அதுதான் இழுக்க வேண்டும், அல்லது தள்ள வேண்டும். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். புதிய ரயிலில் தனி இன்ஜின் கிடையாது. மோட்டார்கள் ரயில் நெடுகப் பிரித்துப் பொருத்தப்பட்டிருக்கும், மின்சாரம் மேலே உள்ள ஒயரிலிருந்து வரும். சென்னை யூனிட் ரயில் எப்படிச் சட்டென்று கிளம்பிச் சட்டென்று நிற்கிறதோ, அதே கணக்குதான். நம்மூரில் இருப்பது போலவே அங்கும் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம்.

இதனால் எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் ரயில் முன்பு 100 நிமிடம் எடுத்துக்கொண்ட தூரத்தை இப்போது 75 நிமிடத்தில் கடக்கிறது. எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். இத்தனைக்கும் உச்ச வேகம் மாறவில்லை, அதே 127 கிலோமீட்டர்தான். மிச்சமான 25 நிமிடமும் கிளம்புவதிலும் நிற்பதிலும் சேமித்தது.

ஒரு ரயில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சீக்கிரம் திரும்பி வரும். வார இறுதியில் மணிக்கு ஒன்று என்று ஓடிய ரயில், அரை மணிக்கு ஒன்று ஆனது. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற பயம் போனது. 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் பயணங்களின் எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது. முந்தைய ஆண்டைவிட 47% அதிகம்.

இன்னொரு லாபமும் உண்டு. பிரேக் போடும்போது மோட்டார்களே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திரும்ப ஒயருக்கு அனுப்பும். இழுக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு இப்படித் திரும்பி வருவதாக கால்ட்ரெயின் கணக்குச் சொல்கிறது.

பழைய இன்ஜின்கள் என்ன ஆயின? 19 இன்ஜின்களும் 90 பெட்டிகளும் பெரு நாட்டின் தலைநகர் லிமாவுக்கு விற்கப்பட்டன. ஓர் ஊரில் கழித்துக்கட்டிய ரயில் இன்னோர் ஊரின் புது ரயில் திட்டம். லிமாவிலும் அது பெரிய அரசியல் சர்ச்சையாகிவிட்டது என்பது தனிக்கதை.

ஏன் இவ்வளவு தாமதம்?

இந்தப் பாதை 1864-லிருந்து இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் யோசனை 1990களிலேயே பேசப்பட்டது. வேலை தொடங்கியது 2017-ல். அதுவும் சுலபமாக இல்லை. 64.7 கோடி டாலர் மத்திய அரசு மானியம் கையெழுத்தாகும் நேரத்தில், ட்ரம்பின் முதல் ஆட்சி அதை நிறுத்தி வைத்தது. கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் கூடி எதிர்ப்புக் கடிதம் கொடுத்திருந்தார்கள். சில மாத இழுபறிக்குப் பிறகு அந்த மே மாதத்தில் கையெழுத்தானது.

பிறகு வந்தது மண்ணுக்குள் இருந்த சிக்கல். ஒயரைத் தாங்கும் கம்பங்களுக்குக் குழி தோண்டினால், எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய்களும் கேபிள்களும் கிடைத்தன. நூற்றைம்பது ஆண்டுப் பாதையில் யார், எப்போது, எதைப் புதைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அதைவிடப் பெரிய தலைவலி லெவல் கிராசிங். பாதையில் நாற்பது சொச்சம் கேட்டுகள். ரயில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடித்துத்தான் அந்த கேட்டுகள் மூடும். மின்சார ரயில் வந்தால் அதே தண்டவாளம்தான் பெரிய மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. பழைய முறை குழம்பிவிடும். எனவே அதை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. ஒயர் கட்டும் வேலை என்று நினைத்தது, பாதியில் சிக்னல் வேலையாக மாறியது. 198 கோடி டாலர் என்று தொடங்கிய திட்டம் 244 கோடியில் முடிந்தது.

கேட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ரயில் அதிகமானால் கேட் மூடும் நேரமும் அதிகமாகும். கேட் இருக்கும் இடத்தில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. இன்ஜின் சத்தம் அடங்கியதும் சில ஊர்க்காரர்கள் ஹாரனைப் பற்றிப் புகார் செய்ய ஆரம்பித்தார்கள்.

சான் ஹோசேவுக்குத் தெற்கே

ஒயர் சான் ஹோசேவின் டாமியன் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே கில்ராய் வரை போகும் தண்டவாளம் யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தம். அங்கே இன்னமும் டீசல்தான், அதுவும் நாளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு ரயில்கள். முன்பு ஒரே ரயிலில் போன கில்ராய்க்காரர், இப்போது சான் ஹோசேவில் இறங்கி மாற வேண்டும். பள்ளத்தாக்கில் வாடகை கட்ட முடியாமல் தெற்கே தள்ளிப் போனவர்கள் பலர். அவர்களுக்குத்தான் தூரமும் அதிகம், புகையும் மிச்சம். பேட்டரியிலும் ஓடக்கூடிய ஒரே ஒரு ரயிலுக்கு 2023-ல் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அது இந்தப் பகுதியில் சோதித்துப் பார்க்க.

பணக் கணக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கொரோனாவுக்கு முன்பு கால்ட்ரெயின் தன் இயக்கச் செலவில் சுமார் 70 சதவீதத்தை டிக்கெட் காசிலேயே எடுத்தது. அமெரிக்காவில் இது மிக அபூர்வம். வாரநாளில் 60,000 பேருக்கும் மேல் ஏறினார்கள். அப்போது பெருமையாகச் சொல்லப்பட்ட அந்த எண்ணே பின்னால் வினையானது. டிக்கெட்டை மட்டும் நம்பியிருந்த ரயிலுக்கு, 2020-ல் 95 சதவீதத்துக்கும் மேல் பயணிகள் காணாமல் போனால் என்ன ஆகும்?

அந்த ஆண்டு நவம்பரில் மூன்று மாவட்ட மக்கள் வாக்களித்து, தங்கள் மேல் ஒரு சிறு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டார்கள். நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட். அதனால் ரயில் பிழைத்தது. ஆனால் வீட்டிலிருந்தே வேலை என்பது ஐடி ஊரில் நிரந்தரமாகிவிட்டது. 47% ஏற்றத்துக்குப் பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி டாலர் பற்றாக்குறை வரும் என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு. புதுப் பணம் வராவிட்டால் வார இறுதி ரயில்களை நிறுத்துவது, மணிக்கு ஒரு ரயில் என்று குறைப்பது, சில ஸ்டேஷன்களை மூடுவது எல்லாம் பேச்சில் இருக்கின்றன.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. டீசல் ரயிலில் ஓட்டத்தைக் குறைத்தால் எரிபொருள் மிச்சம். மின்சார ரயிலில் செலவின் பெரும்பகுதி ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இருக்கும். ஒயரையும் துணை மின்நிலையங்களையும் சிக்னலையும் பராமரித்தே ஆக வேண்டும். நாளுக்கு நூறு ரயில் ஓடினாலும் சரி, முப்பது ஓடினாலும் சரி, அந்த பில் குறையாது. ரயிலைக் குறைத்தால் பயணிகள் குறைவார்கள், டிக்கெட் வருமானம் குறையும், ஓட்டை பெரிதாகும். 244 கோடி டாலர் கொடுத்து வாங்கியதே அடிக்கடி ஓடும் ரயிலைத்தான். அதை மணிக்கு ஒன்றாக ஓட்டுவது, புது மிக்ஸி வாங்கி வைத்துவிட்டு அம்மியில் அரைப்பது மாதிரி.

கட்டுவதற்கு மானியம் கொடுக்க வாஷிங்டன், மாநில அரசு, அதிவேக ரயில் நிதி என்று பலர் இருந்தார்கள். ரிப்பன் வெட்டவும் ஆட்கள் வந்தார்கள். தினமும் ஓட்டுவதற்கு யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் உள்ளூர் வாக்காளர் தலையில் வந்து நிற்கிறது.

கவர்னர் கேவின் நியூசம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், 2026 நவம்பரில் ஐந்து மாவட்டங்களில் புதிய விற்பனை வரிக்கான வாக்கெடுப்பு நடத்த வழி திறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சதவீதம், மற்ற நான்கு மாவட்டங்களில் அரை சதவீதம், 14 ஆண்டுகளுக்கு. பணம் கால்ட்ரெயினுக்கு மட்டுமில்லை, பார்ட் மெட்ரோவுக்கும் பேருந்துகளுக்கும் சேர்த்துத்தான். விற்பனை வரி ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம் என்ற எதிர்ப்பு நியாயமானது. கில்ராயில் சான் ஹோசே ரயிலுக்குக் காத்திருப்பவரும் அந்த அரை சதவீதத்தைக் கட்டுவார், அவர் ஏறப்போவது டீசல் ரயிலில்தான்.