காட்டில் ஒரு பெட்டி: மறுப்போர் காரணம் கூறட்டும்

ஐக்கிய அமெரிக்காவில் பொதுக்காணிகளைப் பரிபாலிக்கும் திணைக்களங்களுக்கும் ஒரு விளையாட்டுக் கூட்டத்தாருக்கும் இடையே கால் நூற்றாண்டாக ஒரு பிணக்கு இருந்து வருகின்றது. பிணக்குக்குரிய பொருள் யாது? கைக்கடக்கமான ஒரு சிறு பெட்டி. அதனைக் காட்டிலே ஒரு மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ வைத்துவிட்டுச் செல்லலாமா, வைப்பதாயின் யாரிடம் அனுமதி பெறுவது, அவர் மறுத்தால் காரணம் கேட்க இடமுண்டா என்பனவே வினாக்கள்.

இத்துணை அற்பமான விடயத்துக்கு ஓர் அரசியல் வார ஏட்டில் இடமேன் என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சாதாரண குடிமகன் அரசாங்கத்தின் அதிகாரத்தை முகத்துக்கு முகம் சந்திப்பது நீதிமன்றத்திலோ சட்டசபையிலோ அரிதாகவே நிகழ்கின்றது. விண்ணப்பத்தைக் கையில் ஏந்தி அவன் நிற்கின்ற கருமபீடத்தின் முன்னேதான் அச்சந்திப்பு நாள்தோறும் நிகழ்கின்றது. அங்கே நடப்பதைக் கொண்டு ஓர் ஆட்சியை அளந்தறியலாம் என்பது எமது நெடுநாளைய கருத்து.

விளையாட்டின் வரலாறு சுருக்கமானது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செய்மதி வழிகாட்டிக் கருவிகளுக்காகப் பொதுமக்கள் பெறும் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை, ஜனாதிபதி கிளின்டனின் கட்டளைப்படி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 100 மீற்றர் வரை தவறக்கூடியதாயிருந்த கருவி, அன்று முதல் ஒரு குறித்த மரத்தடியையே சுட்டிக்காட்ட வல்லதாயிற்று. மே 3ஆம் திகதி ஓறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்னும் ஊருக்கு அண்மையில் ஒருவர் சில பொருள்களை ஒரு வாளியிலிட்டு மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவித்தார். அதுவே ஜியோகாஷிங் எனப் பெயர் பெற்றது. கண்டெடுத்தவர் பெட்டியிலுள்ள ஏட்டிற் பெயரை எழுதி, அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசில்லை, பந்தயமில்லை. இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்திருக்கின்றன.

பொதுக்காணி மக்களுடைய காணி, நாங்களும் மக்களே, வரி இறுக்கின்றோம், எங்கள் காணியில் எங்கள் பெட்டியை வைக்க யாரைக் கேட்பது? இது விளையாட்டுக்காரருள் ஒரு சாராரின் வாதம். கேட்பதற்கு இனிமையான இவ்வாதம் சட்டத்தின் முன் ஒரு கணமும் நிற்கமாட்டாது. பொதுக்காணி என்பது நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கப்பட்ட சொத்து. அதன் பயனாளிகள் இன்று உயிரோடிருப்போர் மாத்திரமல்லர். இனிப் பிறக்கப்போவோரும் ஆவர். தேசியப் பூங்காச் சேவையைத் தோற்றுவித்த 1916ஆம் ஆண்டுச் சட்டமே, மக்கள் அனுபவிக்க வழிசெய்தல், வருந்தலைமுறைகளின் அனுபவத்துக்கெனக் குன்றாமற் காத்தல் என்னும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் விதித்துள்ளது. பயனாளிகளில் ஒருவன், தன் பங்கென்று கூறிக்கொண்டு தோட்டத்தின் ஒரு மூலையைத் தானே வளைத்துக்கொள்ள எந்த நம்பிக்கைச் சட்டமும் இடங்கொடாது.

மேலும், பெட்டி செய்யும் தீங்கு சிறிது. அதனைத் தேடிவரும் கால்கள் செய்யும் தீங்கே பெரிது. பாதையை விட்டு விலகிப் பத்துப்பேர் நடந்த இடத்தில் பதினோராமவனுக்குப் புதுப்பாதை ஒன்று தென்படும். யூட்டா மாநிலத்துப் பாலைநிலங்களில், நுண்ணுயிர்களும் பாசிகளும் பின்னிப்பிணைந்து மண்ணின் மேல் ஒரு தோலாகப் படர்ந்துள்ளன. காற்றும் மழையும் மண்ணை வாரிச் செல்லாமல் காப்பது அத்தோலே. ஒரு சப்பாத்தின் மிதியில் நொறுங்கிவிடும் அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். அங்கே பெட்டி வைக்க அனுமதி கேட்பவனுக்கு அத்தியட்சகர் ‘இல்லை’ என்பாராயின், நாம் அவர் பக்கமே நிற்போம்.

ஆனால் அத்தியட்சகர்கள் எல்லோரும் மண்ணின் தோலைக் காட்டியா மறுக்கின்றார்கள்? இல்லையே! பெரும்பாலும் அவர்கள் காட்டுவது கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பின் 36ஆம் தலைப்பில் வரும் 2.22ஆம் விதியை. தேசியப் பூங்காவில் எப்பொருளையும் கவனிப்பாரின்றி 24 மணித்தியாலத்துக்கு மேல் விட்டுச் செல்லலாகாது என்கின்றது அவ்விதி. மறந்துபோன மூட்டைகளையும் கைவிட்ட வண்டிகளையும் அகற்றுவதற்கு மிகப் பொருத்தமான விதி அது. எனினும் விதியை அதன் இறுதிவரை வாசிக்க வேண்டும். நீண்டகாலம் விட்டுவைக்க ஒதுக்கப்பட்ட இடங்களுக்கும், அத்தியட்சகர் ஏற்படுத்தும் நிபந்தனைகளுக்கு அமைந்தவற்றுக்கும் அவ்விதியே விலக்களிக்கின்றது. ஆகவே ‘சட்டம் தடுக்கின்றது’ என்று கூறும் அத்தியட்சகர் சட்டத்தின் முதற்பாதியை மாத்திரமே கூறுகின்றார். மறுபாதி அவருடைய கையிலேயே இருக்கின்றது. தம் விருப்பத்தினால் மறுப்பதைச் சட்டத்தின் மேற் சுமத்துவதுதான் எமக்கு ஒவ்வாத செயல்.

வனசீவராசிகள் சரணாலயங்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. அங்கே முன்னுரிமை பெறத்தக்க பொதுப்பயன்கள் ஆறு என்று 1997ஆம் ஆண்டில் காங்கிரஸ் வகுத்தது. வேட்டை, மீன்பிடி, வனசீவராசிகளைக் கண்டுகளித்தல், படம்பிடித்தல், சூழற்கல்வி, இயற்கை விளக்கம் என்பனவே அவை. துவக்கோடு வருபவனுக்கு முன்வரிசை. பெட்டியோடு வருபவனுக்குக் கடைவரிசை! நகைக்கத் தோன்றினும் அதற்கொரு நியாயமுண்டு. அவ்வாறும் வனசீவராசிகள் இருப்பதைச் சார்ந்தவை. பெட்டி விளையாட்டு அவ்வாறன்று. சரணாலயத்தின் நோக்கத்துக்கு முரணில்லையென எழுத்தில் முடிவுசெய்யப்பட்டாலன்றி வேறெப்பயனும் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. கடுமையான முறைதான், ஆயினும் எழுத்தில் இருப்பதால் அதனை வாசிக்கலாம், விவாதிக்கலாம்.

இவற்றுக்கு நேர்மாறாக, ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் காணி முகாமைப் பணியகமோ, வணிக நோக்கமும் பணப்பரிசும் இல்லாத இவ்விளையாட்டைப் பொதுவாகச் சாதாரணப் பயன்பாடாகவே கருதி, அனுமதிப் பத்திரமின்றி விட்டுவிடுகின்றது. வனாந்தரமாகச் சட்டத்தினால் ஒதுக்கப்பட்ட நிலங்களிலும், அவ்வாறு ஒதுக்கலாமா என ஆராயப்படும் நிலங்களிலும் பெட்டி கூடாது. பூங்காச் சேவை, சரணாலய நிருவாகம், இப்பணியகம் ஆகிய மூன்றும் உள்நாட்டுத் திணைக்களம் என்னும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை. ஒவ்வொன்றின் மூலச்சட்டமும் வேறாகையால் விடைகளும் வேறுபடுவது இயல்பே என்பதை ஏற்கின்றோம். ஒரே சேவையின் கீழுள்ள இரு பூங்காக்களில், ஒரே வகையான பாதையோரத்தில், ஓர் அத்தியட்சகர் ஆமென்றும் மற்றவர் இல்லையென்றும் கூறி, இருவருமே காரணம் கூறாதிருப்பதை எவ்வாறு ஏற்பது?

அனுமதி முறை ஒழுங்காக இல்லாத இடத்திற் குற்றவியற் சட்டம் தலைநீட்டும். 2005ஆம் ஆண்டு தென் கரொலைனா மாநிலப் பிரதிநிதிகள் சபை, இடுகாடுகளிலும் தொல்பொருள் நிலங்களிலும் அனுமதியின்றி இவ்விளையாட்டை ஆடுவதைக் குற்றமாக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. செனற் சபையில் அது சட்டமாகாது நின்றுபோயிற்று. கல்லறைகளின் புனிதம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஒரு படிவத்தினால் தீரக்கூடிய காரியத்துக்குப் பொலிசாரை அழைப்பது என்ன ஆட்சிமுறை?

படிவத்தினால் தீரும் என்பது எமது கற்பனையன்று. பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களிற் பெட்டி வைக்க விரும்புவோர் முதலில் விண்ணப்பித்து அனுமதி பெறுகின்றனர். விஸ்கொன்சினில் அதற்கென ஓர் அறிவித்தற் படிவம் உண்டு. காணியின் பொறுப்பதிகாரி இடத்தைப் பார்த்து, பறவை கூடுகட்டும் புதரென்றால் வேறிடம் காட்டலாம். பெட்டியே இல்லாத வகையும் இருக்கின்றது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவிச்சரிதவியற் சங்கம் தொடங்கிய முறையில், குறித்த பாறையையோ பள்ளத்தாக்கையோ சென்று பார்த்து, நிலம் உருவான விதம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதினாற் போதும். நல்ல முறைதான். ஆயினும் அதனைக் காட்டி மற்றையதை விசாரணையின்றித் தள்ளிவிடுவது விடையாகாது.

விளையாட்டுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியைப் பதிவுசெய்யும் இணையத்தளம் ‘போதிய அனுமதி’ பெறப்பட்டதா என்று கேட்கின்றது. எது போதியது? வாயிற்காவலனின் தலையசைப்பும் போதியதா? வழக்கென்று வந்தால் தலையசைப்புக்குச் சாட்சியில்லை. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பெறுங்கள். 1946ஆம் ஆண்டின் நிருவாக நடவடிக்கைமுறைச் சட்டம் உங்கள் கைவசம் இருக்கின்றது. திணைக்கள நடவடிக்கை ஒன்றின் தொடர்பாக எழுத்தில் செய்யப்பட்ட விண்ணப்பம் மறுக்கப்படின், அம்மறுப்பைத் தாமதமின்றி அறிவித்து, காரணத்தையும் சுருக்கமாகக் கூறவேண்டுமென அதன் 555ஆம் பிரிவு விதிக்கின்றது. ஒழுங்குவிதி ஒன்றைத் திருத்தும்படி மனுச்செய்யும் உரிமையை அச்சட்டத்தின் 553ஆம் பிரிவு அக்கறையுள்ள எவருக்கும் வழங்குகின்றது.

ஆகவே 2.22ஆம் விதியைத் திருத்தும்படி மனுச்செய்யலாம். பெட்டி வைப்பவர் பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும். இருக்கும் பாதையின் ஓரத்திலன்றி வைக்கலாகாது. ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அத்தியட்சகர் குறித்த நாள்களுக்குள் ஆமென்றோ, காரணத்தோடு இல்லையென்றோ எழுத்தில் விடையளிக்க வேண்டும். இவ்வளவே திருத்தத்தில் அடங்கவேண்டியவை. இதற்குக் காங்கிரஸ் கூடவேண்டியதில்லை. திணைக்களமே நகலை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டுச் செய்துமுடிக்கலாம். மனுவை எழுத வழக்கறிஞர் கட்டணமும் வேண்டாம். ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும்.