வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் உரிமை

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் ரப்பர் கோலோச்சிய நாளில், புகைக்கூடத்திலிருந்து வெளிவந்த ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழி, ஒரு பட்டைத் துணுக்கு, ஓரத்தில் பூத்த ஒரு பூஞ்சணப் புள்ளி கண்ணில் பட்டால் போதும். முதல் தரம் இரண்டாகும், இரண்டு மூன்றாகும், விலையும் கூடவே இறங்கும். மரத்தடியிலும் அதே கண்டிப்புதான். சீவும் கத்தி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டுமே எடுக்கவேண்டும். ஆழம் மிகுந்து மரத்தில் காயம் பட்டால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கண்ணில் அது பட்டுவிட்டால் ஏச்சு நிச்சயம். விடியாத இருளில், நெற்றி விளக்கின் சிறு ஒளியில், அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் காத்த கைகள் நம் பாட்டிமாருடையவை. பின்னர் 1965இல் மலேசியா தன் ரப்பரை ஆய்வுக்கூட அளவைகளால் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. விற்கும் பண்டத்தில் மாசு எவ்வளவு என்பதை விற்பவனே எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இன்று கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்கின்றனர். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், கண்ணுக்குப் புலப்படாத தூசு ஒன்றுக்காகச் சில்லுகள் கழித்துக்கட்டப்படுவதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். தரம் என்றால் என்ன என்பதை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் சம்பள நாளன்று கடைக்குச் சென்று கைப்பேசி வாங்கும்போது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க இவர்களுக்கு வழியே இல்லை. பின்புறம் கண்ணாடி, அதன் விளிம்பில் பசை, உள்ளே இருப்பது உற்பத்தியாளனுக்கே வெளிச்சம்.

கைப்பேசி ஆடம்பரப் பொருள் என்ற பழைய பேச்சு இனிச் செல்லாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளின் வகுப்பறையாக இருந்தது இதுவே. வங்கியும் வேலை அட்டவணையும் மருத்துவமனை முன்பதிவும் இதற்குள்தான். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். பெருநிறுவனங்களின் முதல்வரிசைக் கைப்பேசியோ ஐயாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. மூன்று மாத உழைப்பை விழுங்கும் பண்டம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பது பேராசையன்று.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் மிகக் கொடியது 2016ஆம் ஆண்டினது. சாம்சுங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியை ஆகஸ்ட் 19ஆம் நாள் விற்பனைக்கு விட்டது. போட்டியாளரான ஆப்பிளின் புதிய ஐபோன் செப்டம்பரில் வரவிருந்தது. அதனை முந்தும் அவசரம் பற்றி அந்நாளில் ஏடுகள் விரிவாகவே எழுதின. பதினான்கே நாள்களில், செப்டம்பர் 2ஆம் நாள், 25 இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அவற்றுள் சில தீப்பற்றி எரிந்தன. மாற்றாகக் கொடுக்கப்பட்ட கருவிகளுள்ளும் சில எரிந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் புறப்படக் காத்திருந்த விமானத்துக்குள்ளேயே புகைந்தது. அக்டோபரில் உற்பத்தியே நின்றது.

காரணத்தை நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்டது. இரண்டு இலட்சம் கைப்பேசிகளையும் முப்பதாயிரம் மின்கலங்களையும் சோதித்துக் கண்ட உண்மை மிக எளியது. முதல் வகை மின்கலத்தின் உறை மூலையில் இடம் போதவில்லை. எதிர்மின் தகடு மடங்கிப்போயிற்று. வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய இரண்டாம் வகையில் பற்றவைப்பின் கூர்முனைகள் நீட்டிக்கொண்டு, இரு தகடுகளையும் பிரிக்கும் மெல்லிய திரையைத் துளைத்தன. ஒரு தகடு மடங்கியது, ஒரு முனை நீண்டது: நம் மண்டோரின் கண்ணுக்குத் தப்பாத வகைப் பிழைகள் இவை. சாம்சுங் தன் பிழையை ஒப்புக்கொண்டு விளக்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சோதனையை விற்பனைக்கு முன்னர் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

எதிரணியும் தூய்மையாளர் அணியன்று. 2014இல் ஐபோன் 6 பிளஸ் சட்டைப்பையில் வளைவதாகப் புகார் எழுந்தபோது, அது மிக அரிது என்றும் ஒன்பது பேரே முறையிட்டனர் என்றும் ஆப்பிள் கூறியது. நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க நீதிமன்றத்தின் வழி வெளிவந்த ஆவணங்கள் வேறு கதை சொல்லின. முந்தைய 5எஸ் கருவியைவிட ஐபோன் 6 வளைவதற்கு 3.3 மடங்கும், 6 பிளஸ் 7.2 மடங்கும் வாய்ப்பு மிகுதி என்பதை, விற்பனைக்கு முன்னரே நிறுவனத்தின் சொந்தச் சோதனைகள் காட்டியிருந்தன. தெரியாமல் செய்த பிழையைக் காட்டிலும் தெரிந்தே வெளியிட்ட பிழை நம்மை அதிகம் உறுத்துகிறது.

இனி, நாம் சற்றுக் கசப்புடன் பேசவேண்டிய இடம். சுங்கைப்பட்டாணி உணவுக்கடைகளிலும் தோட்டத்துத் திடல்களிலும் நம் இளைஞர்கள் இந்த நிறுவனங்களுக்காகக் கட்சி கட்டி வாதாடுகின்றனர். ஒருவன் கையிலுள்ள கருவியைக் கொண்டே அவன் தகுதியை அளக்கும் வழக்கமும் பரவி வருகிறது. யாருக்காக இந்தச் சண்டை? 2011 முதல் 2018 வரை இவ்விரு நிறுவனங்களும் நீதிமன்றங்களில் மோதிக்கொண்டன. வழக்கு முடியுமுன்னரே, 2017இல், ஐபோன் 10இன் திரையைச் செய்து கொடுத்தது சாம்சுங் குழுமம். ஆப்பிள் செவிப்பொறித் துளையை நீக்கியபோது சாம்சுங் விளம்பரத்தில் எள்ளி நகையாடியது. 2019இல் தானும் நீக்கியது. மின்னூட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டதற்கு 2020இல் நகைத்தது. மூன்று மாதங்களில் தானும் எடுத்தது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், மென்பொருள் புதுப்பிப்புகளால் பழைய கைப்பேசிகளின் ஆற்றலைக் குன்றச் செய்தமைக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சுங்குக்கு ஐம்பது இலட்சம் யூரோவும் ஒரே நாளில் தண்டம் விதித்தது. தண்டத்தில் ஒன்றாக நின்றவர்களுக்காக நாம் ஏன் பிரிந்து நிற்கவேண்டும்? சீன நிறுவனங்கள் பல வந்து சந்தையை நிரப்பிய பின்னும் இந்தக் கட்சிப் புத்தி மாறவில்லை, கொடிகள்தாம் கூடியிருக்கின்றன.

நம் மண்ணுக்கே உரிய சேதங்களும் உள. பீடோங்கிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோரும், உணவு விநியோகம் செய்யும் இளைஞரும் கைப்பேசியை வண்டியின் கைப்பிடியில் பொருத்தியே ஓட்டுகின்றனர். ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஒளிப்படக் கருவியின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் எச்சரித்தது 2021 செப்டம்பரில்தான். வெயில் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது. மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற தோற்றம் தரும் விளம்பரங்களுக்காக 2022இல் ஆஸ்திரேலியாவில் சாம்சுங்குக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மின்னூட்டத் துளை அரித்துப் போவதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அத்தரத்துள் அடக்கம். கடைக்காரர் கொடுக்கும் ஓராண்டு உத்தரவாதச் சீட்டு இந்த உரிமையைக் குறைக்க முடியாது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. வழக்குரைஞர் தேவையில்லை, கட்டணம் ஐந்து ரிங்கிட். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீசும் தமிழிலேயே ஏடு நடத்தி ஊட்டிய விழிப்புணர்வு, நம் தோட்டங்களில் இன்னும் வேரூன்றவில்லை என்பது வருந்தத்தக்கது. பழுதான கைப்பேசியை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தவணைக்கு அடுத்ததை வாங்குகிறோம். அதிகாரப்பூர்வ விநியோகத்தின் வழி வராத இறக்குமதிக் கருவி ‘ஏப்பி செட்’ என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கி, அதிகாரப்பூர்வ உத்தரவாதத்தை நாமே கைவிடுவதும் உண்டு. அந்தப் பிழையை எந்த நிறுவனத்தின் மீதும் சுமத்த இயலாது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்கவேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. ஆனால் அவற்றுக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அக்கடமை நீங்கிவிடுகிறது. “நியாயமான காலம்” எவ்வளவு என்பதற்கும் எண் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் எண்ணாகவே எழுதிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் கைப்பேசியின் மின்கலம் 800 முறை மின்னூட்டிய பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தாங்கவேண்டும். அந்த வகைக் கருவியின் விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும். அதே நிறுவனங்கள்தாம் அங்கும் விற்கின்றன. அங்கு இயன்றது கெடாவில் இயலாமற் போகக் காரணம் இல்லை. உள்நாட்டு வாணிப அமைச்சு 37ஆம் பிரிவின் விலக்கைக் கைப்பேசிக்கு நீக்கி, ஆண்டுக் கணக்கைச் சட்டத்தில் எழுதவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நாடாளுமன்றம் நகரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூலிமிலும் பீடோங்கிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையைப் போட்டு, தீர்ப்பாயப் படிவத்தை நிரப்பத் துணை நிற்கலாம். வருவோர் எடுத்துவர வேண்டியவை மூன்று: பழுதான கருவி, வாங்கிய ரசீது, ஐந்து ரிங்கிட்.