குழாய்க்குப் பாலீஷ் போடுகிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமாகவும் இருக்கும். பாதி படித்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் கடைசி பெஞ்சுதான்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் தாத்தா காலத்து கிராமபோன் பாடும் வீடியோ அனுப்பினீர்கள். மூன்றிலும் பித்தளைக் குழாய் தங்கமாக மின்னுகிறது. மூன்றிலும் பாட்டு கரகரக்கிறது. "சவுண்டு பாக்ஸ் ரப்பரை மாத்தினியாப்பா?" என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்: "எல்லாம் ஒரிஜினல் சார். கை வெச்சா ஆன்டிக் மதிப்பு போயிடும்."

இந்த 'ஒரிஜினல்' பைத்தியம்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த ரப்பரை மாற்ற வேண்டும் என்றுதான் செய்தவனே செய்தான். சைக்கிள் டியூபை யாராவது ஒரிஜினல் என்று எண்பது வருஷம் வைத்திருப்பார்களா?

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். தட்டின் பள்ளம் பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகிறது. ஊசி அதோடு ஆடுகிறது. அந்த ஆட்டம் ஒரு சின்ன நெம்புகோல் வழியாக வட்டமான மைக்கா தகட்டுக்குப் போகிறது. தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் குழாய் வளையங்கள் பிடித்திருக்கின்றன. ரப்பர் மெத்தென்று இருந்தால் தகடு ஆடும். எலும்பு மாதிரி இறுகிவிட்டால் ஆடாது. ஊசியும் ஆட மறுக்கும். அப்போது பள்ளத்தின் சுவர்தான் ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டும். தோற்பது எப்போதும் சுவர்தான், ஏனென்றால் சுவர் அரக்கு, ஊசி எஃகு. வீடியோவில் கேட்ட கரகரப்பில் பாதி தட்டு அரைபடும் சத்தம். நீங்கள் அதற்கு 'பழைய கால ஃபீல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்!

ஊசி விஷயம் இதைவிட மோசம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம், நிமிஷத்துக்கு 78 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஊசி நூறு மீட்டருக்கு மேல் உரசிக்கொண்டு போகிறது. தட்டில் அரக்கோடு கல்பொடியும் கலந்திருப்பதே ஊசி முனையைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்க்கத்தான். ஒரு பக்கம் முடிந்ததும் அந்த முனை உளி ஆகிவிடும். அதனால்தான் ஒரு ஊசி ஒரு தடவைக்கு மட்டும் என்று டப்பா மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஒருவர் (பெயர் சொல்லவில்லை, மருமகனுக்குத் தெரியும்) ஒரே ஊசியில் இரண்டு வருஷமாகப் போடுகிறாராம். பெருமையாகச் சொன்னார்.

அவர் போட்டது கிட்டப்பா தட்டு. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் போய்விட்டார். அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது அரக்குத் தட்டில்தான். குழாயை நூறு தடவை துலக்கலாம், அந்தப் பள்ளத்தை ஒரு தடவைகூடத் திரும்ப வெட்ட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்ற வேண்டியதைத் தொடாத இதே ஆட்கள் மாற்றக் கூடாததைத் தாராளமாக மாற்றுகிறார்கள். சவுண்டு பாக்ஸையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் பளபளக்கும் போலியை மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல மைக்காவை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாள் வெட்டி வைக்கிறார்கள். மைக்கா விரிசல் விடாமல், அடுக்கு பிரியாமல் இருந்தால் அதற்கு ஆயுசு கெட்டி, விட்டுவிடுங்கள். பெட்டிக்குப் புது பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம்.

ரப்பர் குழாய் மெல்லியதாக, மிருதுவாக வாங்குங்கள். இரண்டு முனையும் சரியாக முட்ட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. திருகை இறுக்கி முறுக்காதீர்கள். சவுண்டு பாக்ஸ் கையோடு சேரும் இடத்தில் தடித்த ரப்பர் ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். பின்பக்கம் வார்ப்பு உலோகமாக இருந்தால் வருஷக்கணக்கில் ஊதி வெடிப்பு விட்டிருக்கும், பலவந்தம் செய்தால் கையோடு வந்துவிடும்.

மோட்டாரில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை என்ன செய்வது? நாளானால் பிசினாகிவிடும். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம், விடுபட்டால் கையைக் கிழித்துவிடும், தெரிந்தவரிடம் கொடுங்கள். வேகம் சரியா என்று பார்க்கத் தட்டு ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்து, ஊசி ஓடும்போதே ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 78 வர வேண்டும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஏழாம் வகுப்புப் பையன் போதும்.

அப்புறம், எல்.பி. தட்டை இதில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய் கண்ணு. கூடவே கூடாது. அந்தப் பள்ளம் சில கிராம் எடையைத்தான் தாங்கும், இந்தச் சவுண்டு பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும்.

அடுத்த வீடியோ அனுப்புகிறவர்கள் குழாயைக் காட்ட வேண்டாம். முதலில் ஊசியைக் கிட்டத்தில் காட்டுங்கள், பிறகு பாட்டைப் போடுங்கள்.