பாடுப் பட்டியலில் யாருக்கு இடம்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இன்று ஆட்டத்தைவிட ஆள் பட்டியல்தான் பெரிய தலைவலி. 2024 முதல், படிப்பில் தேறி வரும் வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாடு, உதவித்தொகை 85 பேருக்கு மட்டும் என்ற வரம்பை எடுத்துவிட்டு, அணிக்கு அதிகபட்சம் 105 பேர் என்று வகுத்தது. இடம் இழந்தவர்கள் வேறு கல்லூரி தேடி அலைந்தார்கள்.

பழவேற்காடு ஏரியில், யாருக்கு இடம் என்ற இதே சிக்கலைப் பாடு எனும் சுழற்சி மீன்பிடி முறை தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில், இறால் வளமான துறைகளில் சுத்து வலை கட்டும் உரிமை முறைவைத்துச் சுழல்கிறது. இன்று நல்ல துறை கிடைத்தவர் அடுத்து வேறொருவருக்கு வழிவிட வேண்டும். பணபலம் உள்ளவர் ஏரியை வளைத்துப்போட முடியாமல் தடுப்பது இந்த ஒழுங்குதான்.

ஆனால் பட்டியலுக்குள் நுழையும் வாசல் குறுகல். மகனுக்கு வயது வந்தால் இடம் உண்டு, மகளுக்கு இல்லை. பாடு இல்லாத ஊர்களுக்கும் இல்லை. அதனால் மோதல்கள் மூண்டிருக்கின்றன. பறி என்னும் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை.

முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்து குறையும்போது இந்த விலக்கு இன்னும் வலிக்கிறது. சுழற்சி முறை அப்படியே நீடிக்கட்டும். யாருக்கு இடம் என்று பேசும் கூட்டத்தில், வெளியே நிற்பவர்களையும் ஊர்ப் பெரியவர்களும் மீன்வளத் துறையும் உட்கார வைக்க வேண்டும்.