ஆசிரியர் மேசை: பாட்டியின் தாலாட்டு



என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். படிப்பில் மந்தம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சென்ற ஆண்டு காலமான அவன் பாட்டியின் தாலாட்டு கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்தது. அறிவியல் விழாவுக்கு அதை 'அர்டுயினோ ஊனோ' என்னும் சிறு மின்பலகையில் ஒலிக்கச் செய்யப் போவதாகச் சொன்னான். "உனக்கு எதற்கப்பா இந்த வேலை?" என்றேன்.

முதல் நாள் பெட்டி ஊமையாக இருந்தது. பாட்டு எம்பி3 கோப்பு. அதன் சுருக்கத்தை அவிழ்க்கும் வலு அந்தப் பலகைக்கு இல்லை. பையன் சோரவில்லை. கணினியில் அதை 8 பிட் வேவ் கோப்பாக மாற்றினான்.

நான் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 8,000 எண்கள் என்றால் ஒரு நிமிடத்திற்கு 480,000 பைட். நிரல் தங்கும் நினைவகமோ 32 கிலோபைட்டுதான். நான்கு விநாடிப் பாட்டுக்கே இடம் போதாது!

"எல்லாத்தையும் ஒரேடியா வாங்காது சார். எஸ்டி கார்டுல இருந்து கொஞ்சம் எடுக்கும், பாடும், அப்புறம் அடுத்ததை எடுக்கும்," என்றான். ஒலிபெருக்கியை நேரே மாட்டினால் பலகை பழுதாகும் என்று நடுவே சிறு ஆம்பிளிஃபயரும் வைத்திருந்தான்.

விழாவன்று பொத்தானை அழுத்தினான். சற்றே கரகரப்போடு பாட்டி பாடினார். அவன் தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பெற்றோர்களே, கொள்ளளவு சிறிதென்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்காதீர்கள். கவளம் கவளமாக ஊட்டுங்கள். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.