வந்த நாளுக்கு விழா, விடுபட்ட நாளுக்கு?

2023இல் 'மலையகம் 200' என்று நாடெல்லாம் பேசியது. தோட்டங்களிலும் மேடை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். கொழுந்துக் கூடை மேடையில் அலங்காரமாக இருந்தது. கூடை சுமக்கிறவர்கள் கீழே நின்று கைதட்டினார்கள். கொத்மலைத் தோட்டங்களில் பிறந்து கலைப்பீடத்துக்குப் போன நாங்கள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போ கேட்கிறோம். நம்மைக் கூட்டிட்டு வந்த வருசத்தைக் கொண்டாடினோமே, நம்மை அவிழ்த்துவிட்ட வருசம் எது?

"நாம என்ன அடிமையா? கூலிக்கு வந்த சனம்தானே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டப்படி அது சரி. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கே அது 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதே வருடங்களில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கங்காணிமார் கூட்டிட்டு வந்தார்கள். இந்த முறை ஆளை விலைக்கு வாங்கவில்லை, கடனில் கட்டினார்கள்.

அந்தக் கட்டுக்குப் பெயர் துண்டு. வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் ஆளின் பேரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போகணும்னா பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதித் தரணும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். கடன் தீராது, ஆளோடு கூடவே இடம் மாறும். சொல்லாமல் கொள்ளாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் மறியலுக்கே அனுப்பும். விலைச்சீட்டு இல்லாத அடிமைத்தனம் என்று இதைச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 2021 அதற்கு நூறாவது வருசம். எங்கள் தோட்டங்களில் யாரும் அதை நினைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. அந்த வருசம் எல்லார் வாயிலும் இருந்தது ஆயிரம் ரூபா. பல வருசம் கத்தி, கடைசியில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம்.

டிரினிடாட்டைப் பாருங்கள். அங்கே ஆகஸ்ட் 1 அடிமை ஒழிப்பு நாள், 1985 முதல் தேசிய விடுமுறை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய மே 30உம் விடுமுறை. வந்ததற்கு ஒரு நாள், விடுபட்டதற்கு ஒரு நாள். அந்த விடுதலையிலும் சூது இருந்தது: நட்டஈடாகக் கொடுத்த 2 கோடி பவுண் அடிமைகளுக்குப் போகவில்லை, எசமான்களுக்குப் போனது. இது தெரிந்தும் அவர்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடுகிறார்கள். விடுதலையைக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்ல அல்ல, தங்கள் மூதாதையரின் பாடுகளை நினைக்க.

"இன்னும் லயத்துல கிடக்கிறோம், என்ன கொண்டாட்டம்?" என்று கேட்பவர்களோடுதான் எங்கள் உண்மையான சண்டை. ஏனென்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. 1921இல் துண்டு போனது, 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறக்க 2003 வரை ஆனது. 2021 கடைசியில் ஐ.நா. அனுப்பி இங்கே வந்தவர் சமகால அடிமைத்தன வடிவங்களுக்கான சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாடா. எந்தப் பொறுப்பில் இருப்பவர் நம்மைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். இன்றைக்கும் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு மனுசியின் பேரையே பாதியாக வெட்டுகிற சொல் நமக்குப் பழகிப்போச்சு.

அதனால்தான் விழா வேண்டும் என்கிறோம். எது ஒழிந்தது என்று தெரியாதவனுக்கு எது ஒழியவில்லை என்பதும் தெரியாது. துண்டைத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அரைப்பேரைக் கேட்டால் கோபம் வரும்.

எப்படிப்பட்ட விழா? 2023இல் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது ஒரு முன்மாதிரி. மூதாதையர் நடந்து செத்த பாதையை நடந்தே நினைத்தார்கள். நம்ம தோட்டத்தில் அதைவிடச் சின்னதாகப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் பேர் போகாத நாளில், பிரட்டுக்களத்தில் கூடுவோம். விடியக்காலையில் வரிசையில் நின்று வேலை வாங்கிய அதே இடத்தில் வட்டமாக உட்காருவோம். தப்பு அடிக்கட்டும், பிள்ளைகள் ஆடட்டும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், கட்சிக்கொடி வேண்டாம். முதலில் பேச வேண்டியவர்கள் ஓய்வுபெற்ற அம்மாயிமார். அப்புறம் ஒரு பட்டியலைச் சத்தமாக வாசிப்போம்: எத்தனை குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி உறுதியோடு கிடைத்தது, எத்தனை பேர் இன்னும் லயத்துக் காம்பராவில் இருக்கிறார்கள்.

அடுத்த வருசமும் அதே பட்டியலை வாசிப்போம். அது குறைந்திருக்கா என்று பார்ப்போம்.