விளையாட்டுப் பிள்ளைகளின் கணக்கு

கம்ப்யூட்டர் விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்குக் கணக்கு வராது என்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் வேதவாக்காகிவிட்டது. தகப்பனார் சொல்லுகிறார், உபாத்தியாயர் ஆமோதிக்கிறார், பக்கத்து வீட்டு மாமி தம் பிள்ளையை உதாரணம் காட்டி முத்தாய்ப்பு வைக்கிறார். மூவரையும் நான் மறுக்கிறேன். கணக்கைக் கணக்குக்காகவே போட்டுப் பார்க்கும் ஆசை நம்மிடையே எங்காவது மிஞ்சியிருக்குமானால், அது பள்ளிக்கூடத்தில் இல்லை. நாம் திட்டித் தீர்க்கிற அந்த விளையாட்டுக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

அங்கே நடப்பது என்ன? ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத பத்துப் பேர் இணையத்தின் வழியே சேர்ந்து ஆடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் கேட்கிறான்: "பெட்டிக்குள் அபூர்வமான வாள் இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. நூறு பெட்டி திறந்தால் வாள் நிச்சயமா?" நிச்சயம் என்கிறான் ஒருவன். பாதிக்குப் பாதிதான் என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் காகிதத்தை எடுக்கிறான். ஒரு பெட்டி ஏமாற்றுவதற்கு நூற்றில் 99 வாய்ப்பு. அந்த 0.99-ஐ நூறு தடவை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 0.37 வருகிறது. ஆக, நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடு எழுந்து போவார்கள்! கூட்டம் திகைக்கிறது. சண்டை போடுகிறது. கடைசியில் ஒப்புக்கொள்கிறது. அதோடு விடுகிறார்களா? இதைவிடக் கடினமான ஒரு கணக்கை அடுத்தவன் எடுத்து வைக்கிறான்.

இதற்கு மார்க்கு இல்லை, மெடல் இல்லை, டியூஷன் வாத்தியார் இல்லை. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து போடுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லுகிறவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்றுதான் நான் சொல்லுவேன்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் மெரே என்று ஒருவர் இருந்தார். பகடையாட்டத்தில் பித்துப் பிடித்தவர். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரண்டிலும் ஆறு விழும் என்பதும் அதே கணக்குத்தானே? ஆறுக்கு நான்கு என்றால் 36-க்கு 24! ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. முதல் பந்தயத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 51.8, இரண்டாவதில் 49.1 மட்டுமே. இந்த விபரீதத்தையும், பாதியில் கலைந்த ஆட்டத்தில் பந்தயப் பணத்தைப் பங்கு பிரிப்பது எப்படி என்ற கேள்வியையும் அவர் பாஸ்கல் என்ற மேதையிடம் கொண்டு போனார். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் இவற்றைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவு என்னும் சாஸ்திரம் வளர்ந்தது. இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்கள் உயிருக்கு விலை போடுவது அந்தச் சாஸ்திரத்தை வைத்துத்தான். வாளுக்காகப் பெட்டி திறக்கும் பையன் கேட்டதும் மெரே கேட்ட அதே ஜாதிக் கேள்விதான். மெரேக்குச் சரித்திரத்தில் இடம். பையனுக்கு முதுகில் அடி! இது என்ன நியாயம்?

சதுரங்கக்காரர்களைப் பாருங்கள். 1848-ல் மாக்ஸ் பெட்ஸல் என்பவர் ஒரு ஜெர்மன் சதுரங்கப் பத்திரிகையில் ஒரு கேள்வி போட்டார்: பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி எத்தனை விதமாக நிறுத்தலாம்? ஆட்டக்காரர்கள் தமக்குள் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்ட கேள்வி. கணித உலகின் சக்கரவர்த்தியான கௌஸே அதில் மயங்கி இறங்கினார். முதலில் அவருக்கு வந்த எண்ணிக்கை 76; அதிலும் சில பிழை. சரியான விடை 92. அதை 1850-ல் வெளியிட்டவர் நௌக் என்பவர். கௌஸையே சறுக்க வைத்த கேள்வி பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை, ஐயா. சதுரங்கப் பலகையின் முன்னால் பிறந்தது.

நம் பள்ளிக்கூடங்களில் நடப்பதென்ன? விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வழி நோட்ஸில் இருக்கிறது. பையனின் வேலை இரண்டையும் நெட்டுருப் போடுவது. வராத கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டும் சுகம் அவனுக்குத் தரப்படவில்லை. 1911-ல் ராமானுஜன், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத, உத்தியோகம் இல்லாத இளைஞர், இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கேள்வியை வெளியிட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் நீளும் ஒரு தொடர்; அதன் மதிப்பென்ன? மாதங்கள் கடந்தன, யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. பரீட்சை அவரைத் தோற்கடித்தது. கேள்வி கேட்டு மகிழ்கிற ஒரு சின்னக் கூட்டந்தான் அவருக்கு இடம் கொடுத்தது. ராமானுஜன் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, கீழே உட்கார்ந்து கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டுகிறோம்!

"விளையாட்டால் சீரழிந்தவர்கள் இல்லையா? அப்பாவின் பணத்தை அதில் தொலைத்தவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை ஆவேசமாக எழுதுகிறேன். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் அதிர்ஷ்டப் பெட்டியைக் காசுக்கு விற்பது சூதாட்டத்துக்கு அண்ணன் முறை. வாய்ப்பு எத்தனை என்பதை வெளியிட்டே தீர வேண்டும் என்ற விதியைச் சீனா 2017-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதம் என்று பெல்ஜியம் 2018-ல் அறிவித்தது. நல்லது. ஆனால் வாய்ப்பை அச்சிட்டு வைத்தால் மட்டும் போதுமா? 'நூற்றில் ஒன்று' என்று படித்துவிட்டு நூறாவது பெட்டியில் நிச்சயம் என்று நம்புகிறவனை எந்தச் சட்டம் காப்பாற்றும்? முன்னால் திறந்த நூறும் ஏமாற்றின என்பதற்காக, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே தீர்மானமாகிற ஆட்டத்தில், நூற்றொன்றாவது பெட்டி இரக்கம் காட்டாது. அதற்கும் அதே நூற்றில் ஒன்றுதான். இதைத் தானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த பெட்டிக்கு அப்பாவின் பணத்தைத் தொடும் முன் யோசிப்பான். தெரியாத பிள்ளையை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது.

ஆட்டக்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. ஒருவன் நல்ல கணக்கொன்றை வைத்தவுடனே விடையைக் கொட்டிவிட்டு மார் தட்டுகிறவன், சாப்பிட உட்கார்ந்தவன் இலையை இழுத்துக் கொண்டு போகிறவனுக்குச் சமானம். 'மேதைகளால் மட்டுமே முடியும்' என்று விளம்பரம் போட்டு, இரண்டு அர்த்தம் வரும்படி எழுதிய கூட்டல் பெருக்கலைச் சுற்றுக்கு விடுகிறவன் அவனைவிட மோசம். அது கணக்கல்ல, வம்பு. தப்பாகப் போட்டவனைப் பரிகசித்து விரட்டுவதோ, பள்ளிக்கூடத்தின் சகல தோஷங்களையும் விளையாட்டுக்குள் கொண்டு வந்து சேர்ப்பதாகும்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. இரவில் பிள்ளை திரையின் முன்னால் உட்கார்ந்து காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தால், விளக்கை அணைக்கும் முன் என்ன கணக்கு என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மார்க்கு விசாரிக்காமல் நம் வீட்டில் கணக்கைப் பற்றி ஒரு பேச்சு நடந்து எத்தனை வருஷமாயிற்று?